சேமித்த கோப்பு எங்கே இருக்கிறது? – கணினி கேள்வி பதில்

கணினி முன் புதிதாக உட்காருபவர்களுக்கு விசைப்பலகையும் மவுஸும் நீண்ட நாள் தொல்லை தருவதில்லை. இரண்டு மூன்று வாரங்களில் கை பழகிவிடுகிறது. செய்து முடித்த வேலை எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்று தெரியாமல் தவிப்பதுதான் மாதக்கணக்கில் நீடிக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்தத் தவிப்பைச் சொல்பவையாக இருந்ததால், அவற்றை மட்டும் தனியே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களும் விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பேரேட்டில் எழுதிவந்ததை இப்போது எக்செல்லில் போடச் சொல்கிறார் முதலாளி. திங்கட்கிழமை இரவு வரை இருந்து, விவசாயிகள் வாரியாகக் கூடைக் கணக்கும் கமிஷனும் அடித்துச் சேமித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் அந்தக் கோப்பைக் காணோம். கணினி தானாகவே அழித்துவிடுமா?

அழிக்காது. நீங்கள் சேமித்தது உண்மையென்றால் கோப்பு அந்தக் கணினிக்குள்தான் எங்கோ பத்திரமாக இருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடித்துவிடுவோம். காணாமல் போன காரணத்தைப் பிறகு பேசுவோம்.

எக்செல்லைத் திறந்து, இடப்பக்க மேல் மூலையில் உள்ள 'ஃபைல்' என்பதைச் சொடுக்கி, 'ஓப்பன்' பகுதிக்குப் போனால், அண்மையில் நீங்கள் கையாண்ட கோப்புகள் வரிசையாக நிற்கும். உங்கள் கணக்கு அங்கே தென்பட்டதும் பாய்ந்து திறந்துவிடாமல், பெயருக்குக் கீழே மெல்லிய எழுத்தில் இருப்பதை ஒருமுறை வாசியுங்கள். 'டாக்குமென்ட்ஸ்' என்றோ, 'டவுன்லோட்ஸ்' என்றோ, ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்தின் பெயரோ அங்கே எழுதியிருக்கும். உங்கள் கோப்பு குடியிருக்கும் முகவரி அதுவே. அந்தப் பட்டியலிலும் இல்லையென்றால், விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் பொறித்த விசையைத் தட்டிவிட்டு, கோப்பின் பெயரில் நினைவிருக்கும் ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். நீங்கள் பெயரே வைக்காமல் என்டரைத் தட்டியிருந்தால் எக்செல் தானாக 'புக்1' (ஆங்கில எழுத்தில் Book1) என்று வைத்திருக்கும். ஆகவே அந்தப் பெயரையும் தேடிப் பாருங்கள்.

இனி காரணம். புதிய கோப்பு ஒன்றை முதன்முறை சேமிக்கும்போது கணினி இரண்டு கேள்விகள் கேட்கிறது: என்ன பெயர், எந்த இடம். நம்மில் பலர் பெயரை மட்டும் அடித்துவிட்டு இடத்தைப் பார்ப்பதே இல்லை. அப்படி விட்டால் அது தனக்கு வழக்கமான ஓர் இடத்தில் வைத்துக்கொள்கிறது. அந்த இடம் ஒரு கணினியில் 'டாக்குமென்ட்ஸ்' ஆகவும் இன்னொன்றில் இணையச் சேமிப்பகமாகவும் இருக்கும்.

இந்த 'இடம்' என்பது என்ன என்று விளங்கிக்கொள்ள நமக்கு மிகவும் பழக்கமான ஒன்று இருக்கிறது. இணையத்தில் பட்டா நகல் எடுக்கும்போது முதலில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிறகு வட்டம், அதன்பின் கிராமம், கடைசியாகப் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும். இந்த வரிசையில் ஒன்றை மாற்றிச் சொன்னாலும் நிலம் கிடைக்காது, ஏனென்றால் அதே புல எண் வேறு கிராமத்திலும் இருக்கும். கணினியும் இதே ஏற்பாட்டில்தான் இயங்குகிறது. சி, டி என்று நாம் சொல்லும் டிரைவ் மாவட்டத்தைப் போன்றது. அதற்குள் ஒரு கோப்புறை, அதாவது வாயால் ஃபோல்டர் என்று சொல்கிறோமே அது, வட்டம். அதற்குள் இருக்கும் இன்னொரு கோப்புறை கிராமம். கடைசியில் கோப்பு புல எண். விண்டோஸ் விசையுடன் 'இ' எழுத்து விசையைச் சேர்த்து அழுத்தினால் திறக்கும் எக்ஸ்ப்ளோரர் சாளரத்தின் மேற்பகுதியில் நீளமாக ஒரு பட்டை இருக்கிறது. நீங்கள் இப்போது எந்த மாவட்டத்தில், எந்த வட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்பதை அந்தப் பட்டை எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கும். புதியவர்கள் நடுவில் உள்ள மஞ்சள் படங்களை மட்டும் பார்க்கிறார்கள். பட்டையை வாசிக்கப் பழகியவருக்குக் கோப்பு தொலைவது அரிது.

உங்கள் மண்டிக்கு நான் சொல்வது இது. டி டிரைவ் இருந்தால் அதற்குள், இல்லையென்றால் 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே, 'மண்டி கணக்கு' என்று ஒரு கோப்புறை தொடங்குங்கள். எக்ஸ்ப்ளோரரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் புதிய கோப்புறை பிறக்கும். உடனே பெயரை அடித்து என்டர் தட்ட வேண்டும். அதற்குள் ஆண்டுக்கு ஒன்று, ஆண்டுக்குள் மாதத்துக்கு ஒன்று என்று அமைத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் புதுக் கணக்கைத் தொடங்கும் நாளில், முதல் வரியை அடிப்பதற்கு முன்பே எஃப்12 விசையை அழுத்தி, திறக்கும் 'சேவ் ஆஸ்' பெட்டியில் அந்த மாதக் கோப்புறைக்குள் போய் நின்று, பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்12 விசையுடன் 'எஃப்என்' விசையையும் பிடிக்க வேண்டியிருக்கும். அதன்பின் வேலை நடக்கும்போது கன்ட்ரோல் + எஸ் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும், இடத்தை மறுபடி கேட்காது. ஏலம் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போனாலும், கடைசியாக அழுத்திய கன்ட்ரோல் + எஸ் வரை உங்கள் கணக்கு மிஞ்சும்.

மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு வந்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கக் கொடுத்தோம். அங்கே கோப்பு திறக்கவே இல்லை. திரும்பி வந்து வீட்டுக் கணினியில் அதே பென் டிரைவைச் செருகினால் நன்றாகத் திறக்கிறது. பென் டிரைவ் கெட்டுவிட்டதா, கடைக் கணினியில் கோளாறா?

இரண்டிலும் கோளாறு இல்லை. வீட்டில் திறக்கிறது, வெளியில் திறக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே விடையையும் சொல்லிவிடுகிறது: பென் டிரைவில் நீங்கள் எடுத்துச் சென்றது விண்ணப்பத்தை இல்லை, அதற்கான ஷார்ட்கட்டை.

பென்னாகரத்துச் சாலைகளில் ஒகேனக்கல்லுக்கு வழிகாட்டும் அம்புக்குறிப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பலகையைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அருவி கூடவே வராது. ஷார்ட்கட் என்பது அப்படியொரு பலகை. 'விண்ணப்பம் சி டிரைவில் இன்ன கோப்புறையில் இருக்கிறது' என்ற ஒரு வரிச் செய்தியே அதற்குள் இருக்கிறது. வீட்டுக் கணினியில் அந்த இடத்தில் விண்ணப்பம் இருப்பதால், பென் டிரைவில் உள்ள பலகையைச் சொடுக்கினாலும் அது உங்களைச் சரியாகக் கூட்டிப் போய்விடுகிறது. கடைக் கணினியில் அந்த இடமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை.

அடையாளம் காண்பது எளிது. ஐகானின் கீழ் இடது மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். அதன்மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் அளவு ஒன்றிரண்டு கேபிதான் (கிலோபைட், கோப்பின் அளவைச் சொல்லும் சிறு அலகு) இருக்கும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்த விண்ணப்பம் சில நூறு கேபியாவது இருக்க வேண்டும். உண்மைக் கோப்பைப் பிடிக்க, வலது சொடுக்கில் வரும் பட்டியலில் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அசல் இருக்கும் கோப்புறை திறக்கும். அங்கே அதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + சி, பிறகு பென் டிரைவைத் திறந்து கன்ட்ரோல் + வி.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் மாலை வகுப்பில் படித்த காரிமங்கலத்துப் பெண் ஒருவர், மகளிர் குழுவின் கடன் விவரம் டெஸ்க்டாப்பில் ஒன்றும் 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே ஒன்றுமாக இரண்டு இருப்பதைப் பார்த்து, இடத்தை அடைக்கிறதே என்று உள்ளே இருந்ததை அழித்துவிட்டார். மறுநாள் டெஸ்க்டாப்பில் இருந்ததைச் சொடுக்கியபோது கணினி காணவில்லை என்றது. அவர் முகம் வெளிறியதை நான் மறக்கவில்லை. அழித்த கோப்புகள் போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னில் அன்று அது இருந்ததால் மீட்டோம். அம்புக்குறி உள்ளதை அழித்தால் அசலுக்கு எதுவும் ஆகாது. அசலை அழித்தால் அம்புக்குறிக்குப் பொருளே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல கைகள் தொட்ட கணினியில் செருகிய பிறகு உங்கள் பென் டிரைவில் உள்ள கோப்புறைகள் அனைத்துமே அம்புக்குறியோடு ஷார்ட்கட்டுகளாக மாறிக் காட்சியளித்தால், அது வைரஸின் வேலை. எதையும் இரட்டைச் சொடுக்காமல் முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளால் சோதியுங்கள். உண்மையான கோப்புறைகள் பெரும்பாலும் உள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியலில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை இயக்கினால் அவை மங்கலாகத் தெரியக்கூடும்.

டெஸ்க்டாப்பில் இருந்த எல்லா ஐகான்களும் ஒரே நொடியில் மறைந்துவிட்டன. சுவர்ப்படம் மட்டும் தெரிகிறது. (அரூர்)

வெற்றிடத்தில் வலது சொடுக்கு, 'வியூ', அதற்குள் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்'. அதன்முன் இருந்த டிக் குறி தவறுதலாக எடுபட்டிருக்கும், மறுபடி சொடுக்குங்கள். கோப்புகள் எங்கும் போகவில்லை.

ஊத்தங்கரை அருகே எங்கள் குடும்ப நிலங்களுக்கான பட்டா நகல்கள், வில்லங்கச் சான்றுகள், பழைய கிரயப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் கணினியில் சேர்க்கிறேன். 'புல எண் 142/2' என்று பெயர் வைக்க முயன்றால் ஏற்க மறுக்கிறது. தேதியை 12/07/2024 என்று அடித்தாலும் மறுக்கிறது. தமிழில் பெயர் வைப்பதால் வரும் சிக்கலா?

தமிழுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தாராளமாகத் தமிழிலேயே பெயர் வையுங்கள். மறுக்கப்படுவது அந்தச் சாய்கோடு.

விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் ஒன்பது குறிகள் வரக்கூடாது: இரு பக்கச் சாய்கோடுகள் / \, முக்காற்புள்ளி :, நட்சத்திரக் குறி *, கேள்விக்குறி ?, இரட்டை மேற்கோள் ", கோணக் குறிகள் < >, நிமிர்ந்த கோடு |. இவை ஒவ்வொன்றுக்கும் கணினி வேறொரு வேலை கொடுத்து வைத்திருக்கிறது. முகவரியில் ஒரு கோப்புறைக்கும் அடுத்த கோப்புறைக்கும் இடையே வரப்பு போல நிற்பது சாய்கோடு. டிரைவின் எழுத்துக்குப் பின்னால் நிற்பது முக்காற்புள்ளி. தேடும்போது 'எதுவாயினும்' என்று பொருள்படுவது நட்சத்திரக் குறி. 142/2 என்று நீங்கள் எழுதினால், 142 என்ற கோப்புறைக்குள் 2 என்ற கோப்பு என்று கணினி படிக்கக்கூடும். இந்தக் கட்டுப்பாடு இன்று நேற்று வந்ததும் இல்லை. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பில்தான் கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் வசதி தொடங்கியது. முகவரியைப் பிரிக்க அன்று தேர்ந்தெடுத்த சாய்கோட்டை இன்றைய விண்டோஸும் சுமந்துவருகிறது. அந்தக் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்தும், கோப்பின் வகையைக் காட்டும் வால் பகுதிக்கு மூன்று எழுத்தும் என்று கணக்காகக் கொடுத்திருந்தார்கள். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்த பிறகுதான் நீண்ட பெயர் வைக்க முடிந்தது. அந்தச் சலுகை கைக்கு வந்த பிறகும் '1', 'புதுசு', 'ஸ்கேன்0004' என்று பெயர் வைத்து விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சாய்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போடுங்கள்: 'புல எண் 142-2'. தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதாமல் ஆண்டை முன்னால் கொண்டு வாருங்கள்: '2024-07-12'. பெயர் வரிசைப்படி அடுக்கும்போது கணினி இடமிருந்து வலமாகவே பார்க்கும். நாளை முதலில் எழுதினால் ஜனவரி 12, மார்ச் 12, ஜூலை 12 எல்லாம் ஆண்டு வேறுபாடின்றி ஒன்றாகக் கூடிக்கொள்ளும்; ஆண்டை முதலில் எழுதினால் பழையதிலிருந்து புதியதுவரை தானாகவே வரிசையில் நிற்கும். உங்களுக்கு நான் பரிந்துரைக்கும் பெயர் இப்படி இருக்கும்: '142-2 வில்லங்கச் சான்று 2024-07-12'. புல எண் முன்னால் வருவதால் அந்த நிலத்துக்குரிய எல்லா ஆவணமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வழக்கறிஞர் கேட்டாலும் வங்கியில் கேட்டாலும் தேட வேண்டியிராது.

பெயரை மாற்ற, கோப்பை ஒருமுறை சொடுக்கி எஃப்2 விசையைத் தட்டுங்கள். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து 'பிடிஎஃப்', 'ஜேபிஜி' என்பதற்கான ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அந்த வாலை மட்டும் தொட வேண்டாம்; அதை நீக்கினால் எந்த மென்பொருளில் திறப்பது என்று கணினிக்குத் தெரியாமல் போகும். இணையத்திலிருந்து இறக்கிய பட்டா நகல்கள் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் ஒரே பெயரில் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்ற எண்களோடு குவிந்து கிடக்கும். அதே கோப்பை மறுபடி மறுபடி இறக்கியதன் விளைவு அது. இறக்கியவுடனே பெயர் மாற்றி உரிய கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்துச் செய்யலாம் என்று விட்டால் எது எந்த நிலத்துக்குரியது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரும். அரசு இணையதளங்களில் பதிவேற்றும் நகலுக்கு மட்டும், இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சிறிய பெயராக வைப்பது நல்லது. சில தளங்கள் பிற எழுத்துகளை ஏற்பதில்லை.

ஓசூரில் ரோஜா நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். கணினி மிகவும் மெதுவாகிவிட்டதால் பழுதுபார்க்கக் கொடுத்தேன். விண்டோஸை மறுபடி போட்டுத் தந்தார்கள். டி டிரைவில் இருந்த பாட்டுகள் அப்படியே இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் இருந்த வாடிக்கையாளர் பட்டியல், ரசீதுகள், குழந்தைகளின் படங்கள் எதுவும் இல்லை. சி டிரைவை அழித்தோம், டெஸ்க்டாப்பைத் தொடவில்லை என்கிறார்கள். டெஸ்க்டாப் எந்த டிரைவைச் சேர்ந்தது?

சி டிரைவைச் சேர்ந்தது. இதை முன்கூட்டியே யாரும் உங்களுக்குச் சொல்லாமல் போனது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் எனக்கும் யாரும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் கணினியையும் இப்படித்தான் கொடுத்தேன். மூன்று ஆண்டுகளாக வகுப்புக்கென்று தயாரித்த பாடக் குறிப்புகள் எல்லாம் டெஸ்க்டாப்பில் இருந்தன. திரும்பி வந்த திரையில் பச்சை மலைப் படமும் ரீசைக்கிள் பின்னும் மட்டுமே இருந்தன.

கணினியைத் திறந்தவுடன் முதலில் தெரிவதால், டெஸ்க்டாப் என்பது டிரைவுகளுக்கெல்லாம் மேலே தனியாக மிதக்கும் ஓர் இடம் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அதுவும் ஒரு கோப்புறைதான். சி டிரைவுக்குள் 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் 'டெஸ்க்டாப்' என்று போனால், திரையில் பரவிக் கிடப்பவை அனைத்தும் சாதாரணப் பட்டியலாக அங்கே நிற்பதைக் காணலாம். 'டாக்குமென்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்', 'பிக்சர்ஸ்' ஆகியவையும் வழக்கமாக அதே பெயருக்குக் கீழேதான் இருக்கின்றன. சி டிரைவை அழித்து விண்டோஸைப் போட்டால் நான்கும் சேர்ந்தே போகும்.

டெஸ்க்டாப் என்ற பெயரே அலுவலக மேசையிலிருந்து வந்தது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், திரையை ஒரு மேசை போலவும் அதன்மேல் காகிதங்களும் உறைகளும் கிடப்பது போலவும் காட்டலாம் என்ற எண்ணம் உருவானது. 1981இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினியில் அது முழு வடிவம் பெற்றது. 1984இல் மேகின்டாஷ் அதைப் பரவலாக்கியது. மேசை என்பது அன்றைய வேலைக்கானது. சாயங்காலம் எடுத்து பீரோவில் வைக்க வேண்டியதை மாதக்கணக்கில் மேசைமேலேயே விட்டுவிட்டோம் நாம் இருவரும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது இரண்டு. சி டிரைவைத் திறந்து, 'விண்டோஸ்' என்ற சொல்லும் புள்ளியும் 'ஓல்ட்' என்ற சொல்லும் சேர்ந்த பெயரில் கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவை முழுவதும் அழிக்காமல் பழையதன்மேலேயே புதிய விண்டோஸைப் போட்டிருந்தால், பழைய 'யூசர்ஸ்' கோப்புறை அதற்குள் இருக்கும். உங்கள் டெஸ்க்டாப்பும் அதற்குள் இருக்கும். அது சில நாட்களில் தானாக நீங்கக்கூடியது, பொதுவாகப் பத்து நாட்கள், ஆகவே இன்றே பாருங்கள். அது இல்லையென்றால், அந்தக் கணினியை மேற்கொண்டு பயன்படுத்தாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். அழித்த இடத்தின்மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரைதான் மீட்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரப் பயன்பாடும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. மீட்டுவிடலாம் என்று நான் உறுதி தர முடியாது. எஸ்எஸ்டி என்னும் சுழலாத புதிய வகை வட்டாக இருந்தால் வாய்ப்பு இன்னும் குறைவு.

வாடிக்கையாளர் பட்டியலை மறுபடி உருவாக்கும்போது டி டிரைவில் வையுங்கள், ஆனால் டி டிரைவை மட்டும் நம்பவும் வேண்டாம். பல கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வட்டின் இரு பகுதிகள், வட்டு பழுதானால் இரண்டும் போகும். வெளியே தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, முக்கியமான கோப்புறைகளை அதில் நகலெடுத்து, அந்த ஹார்டு டிஸ்க்கைக் கணினி இருக்கும் அறையில் வைக்காமல் வேறு அறையில் வைத்துவிடுங்கள். அடுத்தமுறை பழுதுபார்க்கக் கொடுக்கும்போது 'டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் நகலெடுத்துவிட்டேனா' என்று உங்களையே கேட்டுக்கொண்டு, பிறகு கணினியை ஒப்படையுங்கள்.

காவேரிப்பட்டணத்தில் அண்மையில் நடந்த எங்கள் வீட்டுத் திருமண வீடியோ ஒரே கோப்பாக 6 ஜிபி இருக்கிறது. 32 ஜிபி பென் டிரைவ் முழுவதும் காலியாக இருந்தும், கோப்பு பெரியது என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. அதோடு 32 ஜிபி என்று விற்றது 29 சொச்சம்தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

29.8 ஜிபி காட்டினால் ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சம் பைட்டுக்குச் சற்று மேல் இருந்தால்தான் ஒரு ஜிபி என்கிறது. பென் டிரைவில் உள்ள இடம் ஒன்றே, அளக்கும் படிதான் வேறு.

வீடியோவை மறுப்பதற்குக் காரணம், அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் வடிவமைக்கப்பட்டிருப்பது. அந்த முறையில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. பென் டிரைவில் வேறு ஏதாவது இருந்தால் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, 'திஸ் பிசி' பக்கத்தில் அதன்மேல் வலது சொடுக்கி, 'ஃபார்மட்' என்பதில் எக்ஸ்ஃபேட் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அனைத்தும் போய்விடும். ஆகவே 'ஸ்டார்ட்' அழுத்துவதற்கு முன் பெட்டியின் தலைப்பில் இருப்பது பென் டிரைவின் எழுத்துதானா என்று இரண்டு முறை பாருங்கள். சில பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் எக்ஸ்ஃபேட் பென் டிரைவைப் படிக்காது. அப்படியானால் வீடியோ எடுத்தவரிடமே 4 ஜிபிக்குக் குறைவான இரண்டு பகுதிகளாகக் கேட்டு வாங்குவது மேல்.

தேன்கனிக்கோட்டையில் வசிக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன் நான், வயது 71. கை சற்று நடுங்குவதால் இரட்டைச் சொடுக்கு சரியாக வருவதில்லை. நேற்று ஒரு கோப்புறையைத் திறக்க முயன்றபோது அது நழுவி எங்கோ போய்விட்டது. முழுக் கோப்புறையும் ஒரு நொடியில் எப்படிக் காணாமல் போக முடியும்? பென் டிரைவுக்கு அனுப்பும்போது மட்டும் நிமிடக்கணக்கில் ஆகிறதே?

ஐயா, தங்கள் கோப்புறை பக்கத்தில் இருந்த வேறொரு கோப்புறைக்குள் விழுந்திருக்கும். சொடுக்கும்போது பொத்தான் அழுந்தியபடியே கை சற்று நகர்ந்தால், தாங்கள் அதை இழுத்துச் செல்வதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. இப்படி நேர்ந்த உடனே, வேறு எதையும் தொடாமல் கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நேற்று நேர்ந்ததற்கு, எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்க மேல் மூலையில் உள்ள தேடல் கட்டத்தில் கோப்புறையின் பெயரை அடித்துப் பாருங்கள்.

ஒரு நொடியில் எப்படி என்று கேட்டிருப்பது மிக நல்ல கேள்வி. தாங்கள் பணியாற்றிய காலத்தில் தேன்கனிக்கோட்டை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது இந்த வட்டமும் அதனுடன் போனது. அன்று இங்குள்ள ஒரு பள்ளிக் கட்டடமும் இடம்பெயரவில்லை. பதிவேட்டில் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறியது. ஒரே டிரைவுக்குள் கோப்புறையை நகர்த்தும்போதும் இதுவே நடக்கிறது. வட்டில் தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது, முகவரிப் பதிவு மட்டும் திருத்தப்படுகிறது, அதனால் எத்தனை பெரிய கோப்புறையானாலும் கண் இமைக்கும் நேரம் போதும். பென் டிரைவ் என்பது வேறு வட்டு. அங்கே ஒவ்வொரு பைட்டையும் படித்துப் புதிதாக எழுத வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கிறது. அதனாலேயே விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் இழுத்தால் கோப்பு நகர்கிறது. வேறு டிரைவுக்கு இழுத்தால் அசல் இங்கேயே இருக்க, நகல் மட்டும் அங்கே போகிறது. இழுக்கும்போது அம்பின் அருகில் தோன்றும் சிறு பட்டையில் 'மூவ்' என்றோ 'காப்பி' என்றோ எழுதியிருப்பதைத் தாங்கள் கவனிக்கலாம். வேண்டாத இடத்துக்குப் போவதாகத் தெரிந்தால், பொத்தானை விடுவதற்கு முன்பே எஸ்கேப் விசையைத் தட்டினால் இழுத்தது ரத்தாகும்.

கை நடுக்கத்துக்கு வழி உண்டு. கன்ட்ரோல் பேனலில் 'மவுஸ்' பகுதிக்குப் போனால் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறைக்கும் நகர்த்தி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு கோப்புறைப் படமும் இருக்கும். நகர்த்தியை மெதுவான பக்கத்துக்குத் தள்ளி, அந்தப் படத்தை இரட்டைச் சொடுக்கிச் சோதித்துப் பாருங்கள். தங்கள் வேகம் ஒத்துவந்தால் அது திறந்து மூடும். அதுவும் கைகொடுக்காத நாட்களில் இரட்டைச் சொடுக்கையே விட்டுவிடலாம். மேல், கீழ் அம்பு விசைகளால் வேண்டிய கோப்புறைமேல் போய் நின்று என்டரைத் தட்டினால் திறக்கும். ஆல்ட் விசையுடன் மேல் அம்பை அழுத்தினால் ஒரு படி வெளியே வரும். பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் நேராக அங்கே தாவும். மவுஸைத் தொடாமலே தங்கள் ஆவணங்கள் முழுவதையும் இப்படிச் சுற்றி வரலாம்.